கிட்டங்கிக் கொக்கும் மூக்குக் கண்ணாடியும்

கீழைக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்முனைக்கும் இடையே ஒடுங்கிய நாடாவொன்றை விரித்தாற்போலக் கிடப்பது கல்முனைக் கரை. மருதமுனையின் கைத்தறிகளைக் கடந்து தெற்கு நோக்கி வந்தால் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி தெரியாமல் வீடுகள் தொடர்ந்து செல்லும். புதிதாய் வருகிறவர் இவையெல்லாம் ஒரே நகரமோ என்று மயங்குவர். கிழக்கே சிறிது நடந்தால் அலை. மேற்கே சிறிது சென்றால் கரைவாகு வட்டை, அதற்கப்பால் வாவி நீர். இவ்விரு நீருக்கும் நடுவே வாழ்கின்ற மக்களுக்கு ஒரு தனிப் பாக்கியம் உண்டு. காலையில் வாவிப் பக்கம் திரும்பி நின்றால் கதிரவன் முதுகுப் புறம் இருப்பான். மாலையில் கடற்பக்கம் திரும்பினாலும் அவ்வாறே. வெயில் கண்ணிற் படாமல், பறவையின் மீது மட்டும் படுகின்ற நேரம் நாளுக்கு இரண்டு முறை நமக்கு வாய்க்கின்றது. பறவை பார்க்கப் புறப்படுவோர்க்கு இதனினும் மேலான வசதி வேறென்ன வேண்டும்?

வேறொன்றும் வேண்டும் என்பதை ஒரு மாசி மாதக் காலைப் பொழுதில் நாம் கற்றுக் கொண்டோம். அதை எமக்குக் கற்பித்தவர் மூவர்: ஒரு பள்ளிச் சிறுவன், ஒரு தோணிக்காரப் பெரியவர், ஒரு விஞ்ஞான ஆசிரியர்.

சிறுவன் நம் தமக்கையின் மகன், க.பொ.த. சாதாரண தரம் படிக்கின்றவன். பத்து வயது தொட்டு மூக்குக் கண்ணாடி அணிகிறவன். பறவைகளின் மீது அவனுக்குள்ள பித்துச் சொல்லி முடியாது. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர், அவன் ஆசையை அறிந்து, ஒரு பைனோகுலரை அன்பளிப்பாகக் கொணர்ந்திருந்தார். தூரதிருஷ்டிக் கண்ணாடி என்று நம் முன்னோர் அழைத்தது இதைத்தான். கைக்கடக்கமான அக்கருவியின் முதுகில் 30×60 என்று பொன்னெழுத்துக்கள் மின்னின. முப்பது மடங்கு! இனி வாவியின் அக்கரையிலுள்ள கொக்கும் நம் முற்றத்துக் கோழிபோல ஆகிவிடும் என்று அவனும் நம்பினான், நாமும் நம்பினோம்.

சுபஹுத் தொழுகை முடிந்ததும் இரண்டு சைக்கிள்களில் புறப்பட்டோம். கல்முனைச் சந்தையைத் தாண்டி, நற்பிட்டிமுனை வழியாக மேற்கே செல்லும் வீதி கிட்டங்கித் தாம்போதியில் வாவியைக் கடந்து சவளக்கடைக்கும் நாவிதன்வெளிக்கும் போகின்றது. மாரியில் வெள்ளம் தாம்போதியை மூடிப் பாய்வதும், போக்குவரத்துத் தடைப்படுவதும், ஆற்றுவாழை வந்து அடைத்துக் கொள்வதும் இவ்வழிப் போவோர் அறிந்த துன்பங்கள். மாசியில் அவையெல்லாம் ஓய்ந்து, நீர் தெளிந்து, பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருக்கும். அறுத்த வயலிலும் ஆழமற்ற நீரிலும் பறவைகள் கூட்டம் கூட்டமாய் இறங்கியிருக்கும் காலம் அது.

அன்று நாம் கண்ட காட்சி மறக்கற்பாலதன்று. கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அரசாங்க உத்தியோகத்தர் வரிசைபோல, நிதானமாக மிதந்து சென்றன. நத்தை குத்தி நாரைகள் சேற்றைக் கிளறின. ஆற்றுவாழை இலைமீது நீலத் தாழைக்கோழி தன் நீண்ட விரல்களை வைத்து வைத்து நடந்தது. வரப்போரத்தில் சிறிய உள்ளான்கள் ஓடித் திரிந்தன. நடுவே, வெள்ளை வெளேரென்று கொக்குகள்.

கொக்கு என்று ஒரு சொல்லால் முடித்து விடுகிறோம். உண்மையில் அங்கு நிற்பது ஓரினமன்று. கறுத்த அலகும் கறுத்த காலும் மஞ்சட் பாதமும் உடையது சிறு வெண்கொக்கு. மாட்டின் பின்னே திரிவது உண்ணிக் கொக்கு. எஞ்சியவை பெரு வெண்கொக்கும், இடைத்தரமான கொக்கும். இந்த இரண்டும் மாசியில் மஞ்சள் அலகோடு நிற்கும்போது, தனித்தனியே கண்டால் அனுபவசாலியும் தடுமாறுவார். அவற்றைப் பிரித்தறிய ஒரு நுண்ணிய அடையாளம் உண்டு. வாயின் பிளவுக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டு சென்றால் அது பெரு வெண்கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே முடிந்துவிட்டால் அது மற்றையது. எழுபது, எண்பது மீற்றர் தூரத்தில் நிற்கும் கொக்கின் வாய்க்கோட்டை வெறுங்கண்ணாற் காண இயலாது. இதற்காகத்தான் கருவி.

சிறுவன் கருவியைக் கண்ணில் வைத்தான். சற்று நேரம் சுழற்றினான், முறுக்கினான், முகம் வாடினான்.

“மாமா, உள்ளுக்கு இருட்டாத்தான் இரிக்கி. நடுவில சின்னத் துவாரம் மாதிரி ஒண்டு. அதுக்குள்ள கொக்கு வந்து வந்து ஒளிக்குது.”

“மூக்குக் கண்ணாடியக் கழத்திப்போட்டுப் பாரேன், மகன்.”

கழற்றிப் பார்த்தான். துவாரம் சற்றுப் பெரிதாயிற்று; ஆனால் கொக்கு இரண்டாகத் தெரிந்ததென்றான். கரையில் வலையை உலர்த்திக் கொண்டிருந்த தோணிக்காரப் பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

“கண்ணாடிக்கு மேல கண்ணாடி போட்டா என்ன தெரியும், மகன்? உன்ட கண்ணுக்கு இது சரிவராது. அது நல்ல கண்ணுக்காரன்ட சாமான்.”

பெரியவர் வேடிக்கையாகவே சொன்னார். ஆயினும் அச்சொல் சிறுவன் நெஞ்சில் தைத்ததை நாம் கண்டோம். கருவியை உறையிலிட்டான், பேச்சை நிறுத்தினான். அந்த நிமிடத்தில் ஒரு பிள்ளையின் ஆர்வம் அணைந்துபோகும் நிலையில் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. மூக்குக் கண்ணாடி அணிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுள் எத்தனை பேர் இவ்வாறு ஒருமுறை பார்த்து, ஒன்றும் தெரியாமல், தம் கண்ணையே நொந்துகொண்டு திரும்பியிருப்பர்!

நல்ல வேளையாக மூன்றாமவர் வந்து சேர்ந்தார். மருதமுனையைச் சேர்ந்த விஞ்ஞான ஆசிரியர் அவர், நம் நண்பர், அவரும் மூக்குக் கண்ணாடிக்காரரே. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர், விஷயத்தை அறிந்ததும் தம் கழுத்திலிருந்த கருவியைக் கழற்றினார். அதில் எழுதியிருந்தது 10×42 மாத்திரமே. கண் வைக்கும் பக்கத்து இறப்பர் வளையங்கள் இரண்டையும் உட்புறமாக முறுக்கித் தாழ்த்தினார். பின்னர் சிறுவனிடம் கொடுத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கச் சொன்னார்.

சிறுவன் பார்த்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, கொக்குட கண்ணு மஞ்சளா இரிக்கி!” என்று கூவினான். வரப்பிலிருந்த உள்ளான்கள் எழுந்து பறந்தே போயின.

நிற்க. முப்பது மடங்கு காட்டாததைப் பத்து மடங்கு காட்டியது எங்ஙனம்? ஆசிரியர் தாம்போதிக் கட்டில் அமர்ந்து விளக்கியதை வாசகர்களுக்கும் சொல்லுதல் நம் கடமை.

கருவியின் மீதுள்ள முதல் எண் உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதைக் குறிப்பது. இரண்டாம் எண் முன்புறக் கண்ணாடி வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 10×42 என்றால் பத்து மடங்கு. முன் வில்லை 42 மில்லிமீற்றர். நாம் கொண்டு சென்ற கருவியின் முன் வில்லையைப் பாடசாலை அடிமட்டத்தால் அளந்தோம். 60 இருக்க வேண்டிய இடத்தில் 22தான் இருந்தது. எழுதியதே பொய் என்றாயிற்று. கடைத்தெருவில் விற்கும் மலிவான விளையாட்டுக் கருவிகள் பலவற்றில் இவ்வாறே பெரிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் அடிமட்டம் போதும், அவற்றின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் எண்ணை முதலெண்ணால் வகுத்தால் கருவியிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 10×42க்கு அது 4.2 மில்லிமீற்றர், 8×42க்கு 5.25, 10×50க்கு 5, 10×25 என்னும் சட்டைப்பைக் கருவிக்கு 2.5 மாத்திரமே. விடியற்காலையிலும் மாலை மங்கலிலும் நம் கண்மணி விரிந்து நிற்கும். அப்பொழுது இந்த வட்டம் சிறுத்தால் காட்சி மங்கும். பறவைகள் மிகுதியாக நடமாடுவதும் அந்நேரங்களிலேயே அல்லவா?

இவ்விரண்டு எண்களும் கருவியின் மீதே இருக்கின்றன. மூக்குக் கண்ணாடி அணிவோர்க்கு உயிர்நாடியான எண் மூன்றாவது. அது பெரும்பாலும் கருவியின் மீது எழுதப்படுவதில்லை. விவரத் தாளில் தேடிப் பார்க்க வேண்டும். கண் வைக்கும் வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்திற் கண்ணை வைத்தால் முழுக் காட்சியும் தெரியுமோ அந்தத் தூரமே அது. இதனைக் கண் இடைத்தூரம் என்று நாம் அழைப்போம். வெறுங்கண்ணினர் தம் கண்ணை வில்லைக்கு எவ்வளவும் நெருக்கமாகக் கொண்டு போகலாம். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்க்கோ, அந்தக் கண்ணாடியே கண்ணுக்கு முன் 12 முதல் 14 மில்லிமீற்றர் வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளுகின்றது. கருவியின் கண் இடைத்தூரம் 10 அல்லது 12 மில்லிமீற்றராயின், அவர் என்ன செய்தாலும் காட்சியின் ஓரங்கள் வெட்டுண்டு, சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். குறை கண்ணிலன்று, இந்தச் சில மில்லிமீற்றரிலேயே உள்ளது. 15 அல்லது 16 மில்லிமீற்றர் இருந்தால் பெரும்பாலோர் சமாளிக்கலாம். 17, 18 இருந்தால் மிகவும் நன்று. தடித்த கண்ணாடி அணிவோரும், சட்டம் முகத்தை விட்டு விலகி நிற்பவரும் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேட வேண்டும்.

விலை குறைந்த கருவிகளிலும் இந்த எண் எவ்வளவு மாறுபடுகின்றது என்பதற்கு ஆசிரியர் ஓர் உதாரணம் காட்டினார். ஜப்பானிய நிறுவனமாகிய நிக்கொன் தன் சிக்கன வகைகளுக்கு வெளியிட்ட அட்டவணையின்படி, அக்குலொன் ஏ211 வகையில் 10×50 கருவியின் கண் இடைத்தூரம் 11.8 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் அக்‌ஷன் எக்ஸ்ட்ரீம் வகையில் அதே 10×50க்கு 17.2. எண்கள் ஒன்றே, முதலாவது வெறுங்கண்ணினர்க்கு ஏற்றது, இரண்டாவது கண்ணாடிக்காரர்க்கும் ஏற்றது. மேலும், ஒரே வகையில் மடங்கு கூடும்போது இந்தத் தூரம் பெரும்பாலும் குறைந்துவிடும். புரோஸ்டாஃப் பி3 வகையில் 8×42க்கு 20.2, 10×42க்கு 15.7. ஆகவே அதிக மடங்கை விரும்பும் கண்ணாடிக்காரர் இரட்டிப்புக் கவனத்தோடு வாங்குதல் வேண்டும்.

விவரத் தாள் கிடையாத பழைய கருவியாயின் என் செய்வது? மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. கருவியை வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடியுங்கள். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒளிவட்டம் கூரிய விளிம்போடு மிகச் சிறியதாகத் தோன்றும். தாழ்த்திய இறப்பர் வளையத்தின் விளிம்பிலிருந்து அந்தக் கடதாசி வரையுள்ள தூரத்தை அளந்தால், நமக்கு உண்மையாகக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். வில்லை வளையத்துக்குள் ஆழ்ந்திருக்குமாதலால் இந்த அளவு அட்டவணையில் உள்ளதை விடச் சற்றுக் குறைவாகவே வரும். ஒருபோதும் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பற்க. ஒரு கணத்தில் பார்வையே போய்விடும்.

“அப்படியானால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கக் கூடாதா?” என்று வாசகர் கேட்கலாம். சிலர் கழற்றலாம். கிட்டப்பார்வை மாத்திரம் உடையவர்க்குக் கருவியின் குவியத் திருகே அக்குறையைச் சரிசெய்துவிடும். இரு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால், வலக்கண் வில்லையின் பக்கத்திலுள்ள தனித் திருகு அதைச் சீராக்கும். வாசிப்பதற்கு மட்டும் கண்ணாடி அணிகின்ற பெரியோரும் தூரத்துப் பறவைக்கு அதைக் கழற்றி விடலாம். ஆனால் மருத்துவர் தந்த சீட்டில் ‘சிலிண்டர்’ என்னும் எண் கணிசமாக இருப்பவர்க்கு இந்த உபாயம் பலிக்காது. அக்குறையை எந்தத் திருகும் நீக்காது. நம் சிறுவனுக்கு இருந்ததும் அதுவே. போதாதற்கு அவன் கருவியின் இரு குழல்களும் ஒரே திசையை நோக்காமல் பிசகியிருந்தன. கொக்கு இரண்டாகத் தெரிந்த மர்மம் இவ்வாறு வெளியாயிற்று. அன்றியும், பறவையை முதலில் வெறும் பார்வையில் கண்டு பின்னரே கருவியை உயர்த்துகிறோம். அதற்கிடையே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டிருந்தால் பறவை காத்திருக்குமா?

அடுத்து, எத்தனை மடங்கு வேண்டும் என்னும் கேள்வி. மடங்கு கூடினால் பறவை மட்டும் பெரிதாவதில்லை. நம் கையின் நடுக்கமும் அதே அளவிற் பெரிதாகின்றது. காட்சியின் அகலமும் சுருங்குகின்றது. ஆயிரம் மீற்றருக்கு அப்பால், எட்டு மடங்குக் கருவி ஏறத்தாழ 130 மீற்றர் அகலத்தைக் காட்டினால், பத்து மடங்குக் கருவி 110 மீற்றரளவே காட்டும். நம் வீட்டு முருங்கையிலும் மாமரத்திலும் தாவித் திரியும் சிறு குருவிகளுக்கு எட்டு மடங்கே உசிதமானது. கிட்டங்கி வாவியும் கரைவாகு வட்டையும் அத்தகைய இடங்களல்ல. திறந்த வெளி, தொலைவிலே, அசையாமல் நிற்கும் நீர்ப்பறவை. இங்கே பத்து மடங்கு தன் பயனைக் காட்டும். பொறி உள்ளானுக்கும் பச்சை உள்ளானுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்: முன்னதன் வெண்புருவக் கோடு கண்ணைக் கடந்து பின்னால் செல்லும், பின்னதற்குக் கண்ணோடு நின்றுவிடும். இத்தகைய நுட்பங்களை எட்டு மடங்கில் ஊகிப்போம். பத்து மடங்கிற் காண்போம். பன்னிரண்டுக்கு மேற்போனால் வெறுங்கையால் நிலைநிறுத்துதல் அரிது; முக்காலி வேண்டும். பத்து மடங்குக்குங்கூடச் சைக்கிள் இருக்கையோ, வயற் பரணின் காலோ, தாம்போதித் தூணோ தாங்கலாகக் கிடைத்தால் காட்சி கற்சிலைபோல் நிற்கும். கண்ணாடி அணிந்தோர் பெருவிரல்களை நெற்றியோரத்தில் ஊன்றிக்கொண்டால் கருவியும் ஆடாது, கண்ணாடியும் கீறாது.

கருவிகளின் அமைப்பிலும் இரண்டு வகை உண்டு. கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, ஒளியே கண்ணை வந்தடைகிறது என 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறுவியவர் பஸ்றா நகரில் தோன்றிய அறிஞர் இப்னு அல்ஹைதம். அவருடைய கிதாபுல் மனாழிர் என்னும் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய ஒளியியலுக்கு அடிப்படையாயிற்று. பல நூற்றாண்டுகளின் பின்னர், 1854இல் இத்தாலியரான இஞ்ஞாசியோ பொறோ, முப்பட்டைக் கண்ணாடிகளைக் கொண்டு தலைகீழ் உருவத்தை நிமிர்த்தும் முறைக்கு உரிமை பெற்றார். ஜேர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபேயின் மேற்பார்வையில், ஸைஸ் நிறுவனம் 1894இல் அம்முறையிலான இருகண் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன் வில்லைகள் அகன்று, தோள் விரிந்தாற்போலத் தோன்றும் கருவிகள் இன்றும் பொறோவின் பெயராலேயே வழங்குகின்றன. மற்றையது, குழல்கள் நேராக நிற்கும் கூரை முப்பட்டை வகை. அது ஒல்லியானது, நீர் புகாமற் செய்வதற்கு வாய்ப்பானது, ஆனால் அதனைச் செம்மையாகச் செய்யச் செலவு அதிகம். ஆகவே பணம் குறைவாக இருக்கும்போது, அதே விலைக்குப் பொறோ வகையிலேயே தெளிந்த காட்சி கிடைப்பது வழக்கம். பாரம் ஒன்றே அதன் குறை. முன்னர்க் கூறிய அக்‌ஷன் எக்ஸ்ட்ரீம் 10×50 ஒரு கிலோவுக்குச் சற்று மேல். புரோஸ்டாஃப் பி3 10×42 அரைக் கிலோவுக்குச் சற்றே அதிகம். கழுத்தில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் நடந்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வாங்குவோர் நினைவிற் கொள்ளத்தக்க வேறு சில உண்டு. மடங்கைக் கூட்டிக் குறைக்கலாம் என்று விற்கும் மலிவான ‘சூம்’ கருவிகளை ஒதுக்குக. அவற்றில் காட்சி குறுகி மங்கும். முன் வில்லை இரத்தினம்போலச் சிவந்து மின்னினால் மயங்கற்க. நல்ல பூச்சு பச்சையாகவோ ஊதாவாகவோ மெல்லென மினுங்கும். குவியத் திருகு இல்லாத கருவி பறவைக்கு உதவாது. கடைக்குச் செல்லும்போது தினந்தோறும் அணியும் அதே மூக்குக் கண்ணாடியோடு செல்லுங்கள். வளையங்களைத் தாழ்த்தி, வீதியின் எதிர்ப்புறத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: ஒரே முழு வட்டம் தெரிகிறதா, ஓரம் கறுக்கிறதா, எழுத்து இரட்டிக்கிறதா, சில நிமிடத்தில் தலை வலிக்கிறதா என்று சோதியுங்கள். பாவித்த கருவியாயின், முன்புறமிருந்து ஒரு விளக்கை நோக்கிப் பிடித்து, உள்ளே சிலந்திவலைபோல் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பூஞ்சணம் என்றதும் நம் கரையின் உப்புக் காற்று நினைவுக்கு வருகின்றது. ஈரமும் உப்பும் கண்ணாடி வில்லைகளுக்குப் பகை. நைதரசன் வாயு நிரப்பி நீர் புகாமல் அடைத்த கருவியைச் சற்று அதிக விலை கொடுத்தேனும் வாங்குதல் இங்கு வீண் செலவாகாது. வீடு திரும்பியதும் இறுக மூடும் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தல் நன்று. ஈரத் தோலுறைக்குள் மூடி அலுமாரியில் வைத்தல் தீது. வில்லையிற் படிந்த மணலைச் சாரத் தலைப்பினாலோ சட்டை நுனியினாலோ துடைத்தால் அது அரத்தால் அராவுவது போலாகும். முதலில் ஊதி, பின் மென்தூரிகையால் தட்டி, அதன் பின்னரே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

அன்று மாலை மூவரும் கடற்கரைக்குப் போனோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் காலையில் பொங்கி வந்த கடல், இந்தக் கரையில் பறித்துச் சென்ற உயிர்களை எண்ணாமல் இங்கே எவரும் நிற்பதில்லை. அந்த நினைவோடுதான் இன்றும் மக்கள் மாலைக் காற்று வாங்குகின்றனர், பிள்ளைகள் பந்தாடுகின்றனர், கரைவலைக்காரர் கயிறு இழுக்கின்றனர். வெயில் நம் பின்னாலிருந்து அலைகளின் மீது சாய்ந்தது. ஆலாக்கள் அந்தரத்தில் நின்று, அம்புபோல் நீரில் வீழ்ந்து எழுந்தன. சிறுவன் ஆசிரியரின் கருவியைத் தானே சரிசெய்து, ஒவ்வொன்றின் அலகு நிறத்தையும் கொப்பியில் குறித்தான்.

ஆசிரியர் அவனுக்கு ஸாலிம் அலியின் கதையைச் சொன்னார். 1896இல் பம்பாயிற் பிறந்த அவர், சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சட் புள்ளியிருந்த அக்குருவி இன்னதென்று அறிய 1908இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தக் கேள்வியே அவரை இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞராக்கியது. நம் நாட்டிலும் ஜீ. எம். ஹென்றி எழுதி 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய வழிகாட்டி நூலும், 1976இல் தோன்றிய இலங்கைக் களப் பறவையியல் குழுவும் எத்தனையோ இளைஞர்க்குக் கண்ணைத் திறந்துள்ளன. கவண் பிடிக்கும் கைகள் கருவி பிடிக்கும் கைகளாக மாறுவதற்கு ஒரு நல்ல காட்சி போதும்.

பிறகு நடந்ததைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறோம். தமக்கையார் தம் சீட்டுக் காசில் ஒரு பகுதியை ஒதுக்கினார். அது எளிதாகக் கிடைத்த காசன்று. ஆதலால் இரண்டாம் முறை ஏமாற நமக்கு உரிமை இல்லை. மூன்று மாதம் பொறுத்து, வேறொரு கருமமாகக் கொழும்பு சென்றபோது சிறுவனையும் அழைத்துச் சென்றோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 20 மடங்குக் கருவி. சிறுவன் அதைத் தொடவில்லை.

“இதுட கண் இடைத்தூரம் எத்தன மில்லிமீற்றர்?” என்று அவன் கேட்டான். கடைக்காரர் விவரத் தாளைத் தேடத் தொடங்கினார்.

ஐந்து கருவிகளைத் தன் மூக்குக் கண்ணாடியோடு பார்த்த பின், 16 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைத்தூரமுள்ள 10×42 ஒன்றை அவன் தேர்ந்தெடுத்தான். இன்னும் தாராளமான இடமுள்ள 10×50 கருவியில் காட்சி அதனினும் இதமாக இருந்தது உண்மையே. எனினும் சைக்கிளில் செல்பவனுக்கு அதன் பாரம் ஒத்துவரவில்லை. ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக் கொடுத்தான். எதை விடுகிறோம் என்று அறிந்தே விட்டான்.

இப்பொழுது வெள்ளிக்கிழமைக் காலைகளில் அவனைத் தாம்போதியருகே காணலாம். சென்ற வாரம் அந்தத் தோணிக்காரப் பெரியவர், வாசிப்பதற்கு வைத்திருக்கும் தம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அவன் கருவியால் வாவியை நோக்கிக் கொண்டிருந்தார். ஆற்றுவாழைக்கு அப்பால் மிதந்தது மரக்கட்டையா, முதலையா என்பது அவருடைய கேள்வி. பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கட்டதான் மகன், அதுக்கு மேல ஒரு கொக்கு நிக்கிது” என்றார்.

“எந்தக் கொக்கு, அப்பா? வாய்க்கோடு கண்ணத் தாண்டிப் போகுதா?” என்று சிறுவன் கேட்டான்.

பெரியவர் மீண்டும் கருவியை உயர்த்தினார்.